ரெண்டு அட்டைக்காரர்

எட்டாம் வகுப்பைத் தாண்டாத என்னை ஒரே மத்தியானத்தில் பெண்ணாக்கியவர் அவர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாடிப்பட்டியிலிருந்து அவருடைய மச்சான் பஸ் ஏறி வந்து என் சட்டையைப் பிடிப்பார். ஒரு தடவை பிடித்ததே இந்த ஜென்மத்துக்குப் போதும். அதனால் நான் கூப்பிட்ட மாதிரியே அண்ணன் என்று வைத்துக்கொள்வோம்.

பெண்ணாக்கினார் என்றதும் தப்பாக நினைக்க வேண்டாம். மதுரையில் டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சாபீசிலிருந்து அப்போது ஒரு சினிமா வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதற்கு விளம்பரம் பிடிப்பவர் அண்ணன். முதலாளிக்கு மையும் காகிதமும்தான் தெரியும் என்பதால், எந்தப் பக்கத்தில் எது வரவேண்டும் என்பதும் அண்ணன் பாடுதான்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு சலூனில். நாற்காலியில் பாதிச் சவரத்தோடு உட்கார்ந்திருந்தேன். பெஞ்சில் ஒரு பெரியவர் அந்தப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒல்லியாக, காதில் பென்சில் சொருகிய ஒருவர் அந்தப் பெரியவரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தப் பக்கத்த ஏன் படிக்காமத் திருப்பிட்டீங்க?"

"என் விரலு, நான் திருப்புறேன். ஒனக்கென்னப்பா?"

"இல்ல, அதுல ஒரு பொடவை வெளம்பரம் இருந்துச்சு..."

"நான் என்ன பொடவையா கட்டியிருக்கேன்?"

முகமெல்லாம் நுரையோடு நான் சும்மா இருந்திருக்கலாம். "அவருக்கு ஒண்ணக் கட்டிவிட்டுட்டு அப்பறமாக் கேளுங்கண்ணே" என்றேன். சலூனே சிரித்தது. பென்சில்காரர் மட்டும் சிரிக்காமல் என்னைக் கண்ணாடிக்குள் அளந்தார்.

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

"இப்போதைக்குச் சவரம்."

"எழுத வருமா?"

"தப்பில்லாம வராது."

"தப்ப நான் பாத்துக்கிறேன். பொம்பள மாதிரிப் பேச வருமா?"

அடுத்த வாரத்திலிருந்து நான் 'கோமளா அக்கா'. வாசகர்களின் குடும்பக் கவலைகளுக்குப் பதில் சொல்பவள். மாமியார் கொடுமைக்கும், குடிக்கிற புருஷனுக்கும், வயசுக்கு வந்த பிள்ளையின் முகப்பருவுக்கும், பொண்ணு பார்க்கக்கூட யாரும் கூப்பிடாத நான் வழி சொன்னேன். பாதிக் கேள்விகளை நானேதான் எழுதிக்கொள்வேன். அது தெரிந்தும் அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "யாருக்கு?"

அவர் எதற்கும் கேட்கிற கேள்வி அதுதான். "மழை வர்ற மாதிரி இருக்குண்ணே" என்றால், "யாருக்கு? துணி காயப்போட்டவளுக்கா, நாத்து நட்டவனுக்கா? ஆளச் சொல்லாமச் சேதி சொல்லாத மாப்ள" என்பார். டீ நன்றாக இருக்கிறது என்றாலும் யாருக்கு என்பார். ஒருநாள் எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். பழக்க தோஷத்தில் அதற்கும் கேட்டுவிட்டார். "பக்கத்து வீட்டுக்காரனுக்குண்ணே, நான் சும்மா அவருக்காகப் படுத்திருக்கேன்" என்றேன்.

ஆட்களுக்கு அவர் பக்கம் வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் நின்றால் வாய் அசையாமல் சொல்லிக்கொண்டே வருவார். "கட்டம் போட்ட சட்டை, நடுப்பக்கம். கண்ணாடிக்காரரு, தொடர்கதை. கூடையோட நிக்கிற அம்மா, சமையல் குறிப்பப் படிச்சுட்டுச் சமைக்காது." நடுப்பக்கம் என்றால் நடிகையின் கலர் படம் வருகிற பக்கம். ஒரு தடவை முறுக்கு மீசை வைத்த போலீஸ்காரரைக் காட்டி, "ராசிபலன்" என்றார். நான் விடுவேனா? நேராகப் போய், "ஐயா, நீங்க ராசிபலன் பாப்பீங்களா?" என்று கேட்டேன். லத்தியை ஓங்கிவிட்டார். ஓங்கின கையை இறக்குவதற்குள், "கன்னி ராசி. இந்த வாரம் எப்பிடிப் போட்டிருக்கு?" என்றார்.

"என்னைய எந்தப் பக்கம்ணே வச்சிருக்கீங்க?" என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

"நீ ஓசியில எட்டிப் பாக்குறவன். ஒனக்கு ஏதுடா பக்கம்?"

சலூன்களிலிருந்தும் வாடகைப் புத்தகக் கடைகளிலிருந்தும் பழைய இதழ்களை வாங்கிவந்து மேசையில் பரப்பி முகர்ந்து பார்ப்பார். சீயக்காய் வாசம் வந்தால் அந்தப் புத்தகம் வீட்டுக்குள் போயிருக்கிறது. எண்ணெய்க் கட்டைவிரல் எந்தப் பக்கத்தில் அதிகம், எந்த ஓரம் நைந்திருக்கிறது, எந்தப் படத்தைக் கத்தரித்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். ஆனால் எங்கள் பத்திரிகையில் ஒரு துணுக்கையாவது அவர் படித்துச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் எழுதியதைக் காட்டினால், "சிரிப்பாங்க" என்பார். தான் சிரிக்க மாட்டார்.

இந்த ஆராய்ச்சியில் விளைந்ததுதான் ரெண்டு அட்டை. உள்ளே ஒரே புத்தகம். முன்னட்டையில் ஒரே நடிகை. பின்னட்டையும் அட்டையின் உள்பக்கமும் மட்டும் டவுனுக்கு ஒன்று, ஊர்ப்பக்கத்துக்கு ஒன்று. ஒரே சோப்புக்கு டவுன் அட்டையில் 'நட்சத்திரங்களின் மேனி எழில்' என்று போடுவார். உசிலம்பட்டிக்குப் போகிற அட்டையில் 'கரிசல் மண்ணும் கரைந்தோடும்' என்று போடுவார். சோப்புக் கம்பெனிக்காரருக்கு எது தன்னுடைய சோப்பு என்று சந்தேகமே வந்துவிட்டது.

அட்டையின் உள்பக்கம் எனக்கு. அதனால் கோமளா அக்காவும் இரண்டு பேர் ஆனாள். 'என் கணவர் என்னைச் சினிமாவுக்கே கூட்டிப்போவதில்லை' என்று கேள்வி. டவுன் கோமளா சொன்னாள்: 'தலைவலி என்று சொல்லி அடுப்பை அணைத்துவிடு தங்கச்சி. ஓட்டலுக்குக் கூட்டிப்போவார். போகிற வழியில் தியேட்டர் இல்லாத ஓட்டல் மதுரையில் கிடையாது.' ஊர்ப்பக்கத்துக் கோமளா சொன்னாள்: 'சந்தைக்குப் போகும் நாளில் நீயும் வண்டியில் ஏறிக்கொள். மாடு நல்ல விலைக்குப் போன கையோடு கேள்.'

"ஏண்ணே, உசிலம்பட்டிக்காரிக்குத் தலைவலி வராதா?" என்றேன்.

"வரும். அடுப்ப அணைக்க மாட்டா."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்க அக்காவ எனக்குத் தெரியாதா? வாடிப்பட்டியில மாடு கண்டோட கெடக்கா. ஊர்ப்பக்கத்துப் பொம்பள மாட்டுக்கு என்ன போடலாம்னு பாப்பா மாப்ள. தனக்கு என்ன போடலாம்னு பாக்கவே மாட்டா."

அந்த அக்காவின் புருஷன்தான் மச்சான். வாடிப்பட்டியில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடை வைத்திருந்தார். ஊர்ப்பக்கத்து அட்டையின் பின்னால் ஒரு கொழுத்த பசுவோடு வருவது அவருடைய விளம்பரம்தான். அக்கா நச்சரித்ததால் கொடுத்தது. அண்ணன் செய்வதை ஒரு வேலை என்றே மச்சான் ஒத்துக்கொண்டதில்லை. அந்த வருஷம் பங்குனியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பொம்மை பொஸ்தகம் வித்தது போதும். சித்திரைத் திருவிழா முடியவும் கடையில வந்து ஒக்காரு."

அண்ணன் தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. மாசி வீதியில் ஒரு பட்டு ஜவுளிக்கடை. அந்த முதலாளி திருவிழா இதழுக்கு டவுன் பின்னட்டையை முழுசாக எடுத்துக்கொண்டார். கூட்டம் வந்தால் வருஷம் முழுக்க விளம்பரம், வராவிட்டால் இதோடு சரி என்றார். அவர் நிறுத்தினால் கலர் அட்டை நிற்கும். கலர் அட்டை நின்றால் சினிமாப் பத்திரிகையை யார் கையில் எடுப்பார்கள்? அண்ணன் வாடிப்பட்டி பஸ் ஏற வேண்டியதுதான்.

"போயி ஒக்காந்தாத்தான் என்னண்ணே? ஒங்க அக்கா சோறு போடும்ல?" என்று கிண்டினேன்.

"அங்க வர்றவன்கிட்ட யாருக்குன்னு கேட்டா, அத்தன பேரும் ஒரே பதிலத்தான் மாப்ள சொல்லுவான். மாட்டுக்கு."

சொல்லும்போது நிஜமாகவே அவருக்கு முகம் செத்துவிட்டது. அன்றைக்கு நான் மேற்கொண்டு கிண்டவில்லை.

அந்த விளம்பரத்துக்கு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. மீனாட்சி கல்யாணக் கோலத்தை ஓவியரிடம் வரைந்து வாங்கினார். அம்மன் மேல் ஒரு பச்சைப் பட்டு, அரக்குக் கரை. அதே பச்சையில் கடையில் சேலை இறக்கி, 'கல்யாணப் பச்சை' என்று பெயரும் வைத்தாயிற்று. "யாருக்கு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, "மாசி வீதி, ஆவணி மூல வீதி வீட்டம்மாமாருக்கு" என்று தானே பதிலும் சொன்னார். ஊர்ப்பக்கத்து அட்டையில் வழக்கமான பசு.

இனி மொக்கைச்சாமி அண்ணன் கதை. அச்சாகி வருகிற புத்தகத்தைக் கட்டாகக் கட்டி வாசலில் அடுக்குகிறவர் அவர். கட்டை ஏற்றிப்போகிற ரிக்சாக்காரருக்கு எழுத்து தெரியாது. பின்னட்டையில் என்ன இருக்கிறது என்ற கவலையும் கிடையாது. அதற்காக எங்கள் அண்ணன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கட்டின் மேலே நடிகை முகம் தெரிந்தால் டவுன் கடைகளுக்கு. நடிகை தெரியாமல் முதுகுப்பக்கம் தெரிந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு, அங்கிருந்து ஊர்ப்பக்கத்துக்கு. ஒருநாளும் பிசகியதில்லை.

வெள்ளிக்கிழமை திருவிழா இதழ் போனது. திங்கட்கிழமை காலையில் ஜவுளிக்கடையிலிருந்து ஆள் வந்துவிட்டது, மொதலாளி ஒடனே வரச் சொன்னார் என்று. அந்த ஆள் கையில் எங்கள் பத்திரிகை. திருப்பிக் காட்டினார். பின்னட்டையில் பசு.

அண்ணன் ஓடிப்போய் மொக்கைச்சாமி முன்னால் நின்றார். மொக்கைச்சாமி அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச வேண்டிக்கொண்டு, காப்புக் கட்டி விரதத்தில் இருந்தார். நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமும்.

"டவுன் கட்டுல நடிகைய மேல வச்சியா?"

"எப்பிடிண்ணே வைக்க? நடிகைய மேல வச்சா ஆத்தா மொகம் தரையில படுது. காப்புக் கட்டியிருக்கவன் மீனாட்சியக் கவுத்திப் போடுவனா? அதான் ஆத்தாளத் திருப்பி மேல வச்சேன்."

"சரி, ஊர்ப்பக்கத்துக் கட்டயாச்சும் அப்பிடியே விட்டியா?"

"அதெப்பிடி விடுறது? ரெண்டு கட்டுமே முதுகக் காட்டிக் கெடந்தா ரிக்சாக்காரரு கொழம்பிருவார்ல? அதான் அந்தக் கட்டத் திருப்பி நடிகைய மேல வச்சேன். ஒரு வேலையச் செஞ்சா ஒழுங்காச் செய்யணும்ணே."

அவர் சொன்னதில் ஒரு தப்பைக் கண்டுபிடிக்க நானும் முயன்று பார்த்தேன், முடியவில்லை. டவுனுக்குப் பசு போய்விட்டது. மீனாட்சி பஸ் ஏறி உசிலம்பட்டிக்கும் வாடிப்பட்டிக்கும் போய்விட்டாள். அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்தார், திரும்பவும் சொருகினார். "வா மாப்ள, போயி ஏச்சு வாங்கிட்டு வருவோம்" என்றார்.

மாசி வீதியில் திருவிழாக் கூட்டம் நெட்டித் தள்ளியது. ஊர்ப்பக்கத்து ஜனம் பஸ்ஸிலும் வண்டியிலும் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ஜவுளிக்கடை முதலாளி வெள்ளை மெத்தையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பசு, அட்டையோடு.

"என் வீட்டுக்காரி கேக்குறா, இனிமே மாட்டுக்குப் பட்டு நெய்யப் போறீங்களான்னு. நான் என்னய்யா சொல்ல?"

"கட்டு மாறிப்போச்சு மொதலாளி. நம்ம வெளம்பரம் பூராம் ஊர்ப்பக்கம் போயிருச்சு."

"அங்க யாருய்யா பட்டு எடுக்குறா? களை வெட்டக் கட்டிக்கிட்டுப் போவாளுகளா?"

"எடுக்க மாட்டாகதான் மொதலாளி" என்றார் அண்ணன், தலையைக் குனிந்துகொண்டு. அதுதான் அவர். தன் கழுத்துக்குக் கத்தி வந்தபோதும் தன் கணக்கை மாற்றிச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது வாசல் பக்கம் சத்தம் கேட்டது. உசிலம்பட்டிப் பெண்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். கடைப் பையன் பழக்கத்தில், "சுங்குடி, நூல் சேலை அங்கிட்டும்மா" என்று கை காட்டினான்.

"ஏண்டா, நான் சுங்குடியக் கேட்டனா?" என்று ஒரு அம்மா சுருக்குப்பையைத் திறந்து, எட்டாக மடித்த அட்டையை எடுத்து விரித்தது. "ஆத்தா கட்டியிருக்க இந்தப் பச்சையக் காட்டு."

பின்னால் வந்தவர்கள் இடுப்பிலும் கைப்பையிலும் அதே அட்டை. முதலாளி மெத்தையிலிருந்து எழுந்துவிட்டார். அண்ணன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வாடிப்பட்டி அக்கா வந்துகொண்டிருந்தது.

"அக்கா! நீ எங்க இங்கிட்டு?"

"ஒன் பொஸ்தகத்துலதானடா போட்டிருந்துச்சு. தம்பி போட்டிருக்கானே, போயி எடுப்போம்னு வந்தேன்."

"யாருக்குக்கா?"

"எனக்குத்தான்."

"அது சரி, யாருக்கு எடுக்குற? மகளுக்கா?"

"ஒருக்காச் சொன்னா வெளங்காதா ஒனக்கு? எனக்குடா. ஏன், என் ஒடம்புல பட்டு நிக்காதா, வழுக்கி விழுந்துருமா?"

அண்ணன் அக்காவை மேலும் கீழும் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்த்த முகத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்ப்பது மாதிரி. அக்காவுக்கே கூச்சமாகிவிட்டது. "என்னடா அப்பிடிப் பாக்குற? எச்சியத் தொட்டு என்னையும் புரட்டிராத" என்றது.

இதற்குள் வியர்க்க விறுவிறுக்க மச்சான் உள்ளே புகுந்தார். கையில் அட்டையை ஆட்டிக்கொண்டே, "மாப்ள! என் புண்ணாக்கு எங்க?" என்று ஒரு சத்தம். பட்டுக் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்தக் கடையில கெடைக்காது மச்சான். அடுத்த தெருவுல கேட்டுப் பாருங்க" என்றேன்.

அதுதான் சட்டையைப் பிடித்த தருணம். பிடித்துத் தூக்கியும் விட்டார். என் கால் தரையில் இல்லை.

"யார்ரா நீ? எங்க குடும்பத்துக்குள்ள?"

"கோமளா அக்கா" என்றேன், வேறு ஒன்றும் வாயில் வராமல்.

வாடிப்பட்டி அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசை மேல் விரித்திருந்த சேலையைத் தடவிக்கொண்டே, "அந்தப் பயல எறக்கி விடுங்க. இந்தப் பச்சையா, அந்த மயில்கழுத்தா? எது எனக்கு நல்லாருக்கும், சொல்லுங்க" என்றது.

மச்சான் ஒரு கையில் என்னைப் பிடித்தபடியே சேலையைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். சட்டையைப் பிடித்திருந்த கையால் பட்டைத் தொட்டுப் பார்ப்பதற்காக என்னை இறக்கிவிட்டார். "பச்சை" என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் ஜவுளிக்கடை முதலாளி அண்ணனைக் கூப்பிட்டார். முகத்தில் கோபத்தைக் காணோம். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் பாடுபட்டார்.

"சரிய்யா, வருசம் பூராம் போடு. எந்த அட்டையில போடுவ? டவுன்லயா, ஊர்ப்பக்கத்துலயா?"

நான் அண்ணன் வாயைப் பார்த்தேன். அவர் தெருக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் சொல்கிற மாதிரி யாருக்கும் பக்கம் சொல்லவில்லை.

"இனிமே ஒரே அட்டைதான் மொதலாளி. பொடவையும் மாடும் ஒண்ணாவே வரட்டும்."

"என் பட்டுக்குப் பக்கத்துல மாடா?"

"அவுக வீட்டுலயும் பக்கத்துலதான மொதலாளி இருக்கு."

மச்சான் அதற்குப் பிறகு கடைக்கு வந்து உட்காரச் சொல்லவில்லை. டவுனுக்குப் போன பசுவைப் பார்த்துவிட்டு மதுரைப் பால்காரர் ஒருவர் வாடிப்பட்டி வரைக்கும் போய்ப் புண்ணாக்கு விலை கேட்டு, வாங்காமல் வந்தாராம். "கேக்கவாச்சும் வந்தான்ல" என்று மச்சான் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மொக்கைச்சாமி அண்ணனுக்கும் நிம்மதி. ஒரே அட்டை ஆனதால் எந்தக் கட்டிலும் நடிகையைத் தரையைப் பார்க்கப் போட்டுவிட்டார். பசுவும் சாமிதானே என்றார்.

நான் அண்ணனை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிற இடம் வாடிப்பட்டி மாட்டுத் தொழுவம். புது அட்டைக்கு நிஜப் படமே எடுக்கலாம் என்று போட்டோகிராபரோடு போயிருந்தோம். அக்கா கல்யாணப் பச்சையைக் கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகைப்பூவோடு பசு பக்கத்தில் நின்றது. "சாணி பட்டுரும், பட்டுரும்" என்று மச்சான் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் தானே மிதித்துவிட்டார். பசு முந்தானையை இழுத்துச் சவைக்கப் பார்த்தது. அக்கா அதன் மூக்கில் செல்லமாக ஒரு அடி போட்டது.

"இப்ப எடுங்க, இப்ப எடுங்க!" என்று அண்ணன் கத்தினார்.

"ஏண்டா, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்றது அக்கா, முந்தானையைப் பிடுங்கிக்கொண்டே. "நான் மாட்டோட மல்லுக்கட்டுறத எவ பாக்கப் போறா? யாருக்குடா இது?"

போட்டோகிராபர்கூடக் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். பென்சில் காதிலிருந்து கைக்கு வந்தது. ஒரு பக்கத்தையாவது சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அவர் பல் தெரியச் சிரித்தார்.

"தெரியலக்கா" என்றார். "கொஞ்சம் இங்கிட்டுப் பாரு."